தஞ்சோங் துவானில் தேன் பருந்துகளை எண்ணும்போது கற்றுக்கொண்டவை

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஆயிரக்கணக்கான இரைகொல்லிப் பறவைகள் மலேசியாவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்கின்றன. அவை வந்து இறங்கும் முக்கியமான இடம் தஞ்சோங் துவான் முனை. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டுக் குன்று அது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலமாக இருந்தாலும் முனை மட்டும் மலாக்காவைச் சேர்ந்தது. குன்றின் உச்சியில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் உண்டு. மார்ச் வந்துவிட்டால் அந்த உச்சிக்குப் போய் உட்கார்ந்து பறவைகளை எண்ணுவது எனக்குப் பழக்கம்.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, “பறக்கிறதை எப்படி எண்ண முடியும்?” என்றுதான். எண்ண முடியும். அதற்கென்று முறை இருக்கிறது. ஆனால் முறையைச் சொல்லுமுன் பறவைகள் ஏன் இந்த முனைக்கு வருகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். அது புரியாதவர் தவறான நேரத்தில் தவறான திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பருந்து, கழுகு போன்ற அகலச் சிறகுப் பறவைகளுக்கு இறக்கை அடித்தே நெடுந்தூரம் போவது கட்டுப்படியாகாது. வெயிலில் நிலம் சூடேறியதும் மேலெழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயரம் ஏறும். அங்கிருந்து சிறகை அசைக்காமல் சறுக்கி அடுத்த வெப்பக்காற்றைப் பிடிக்கும். இதே வித்தையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். கடல்மேல் அந்த உதவி சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் தண்ணீர் எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கே வந்து கூடும். சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான். ஜிப்ரால்டர், மெசினா, பாஸ்பரஸ் நீரிணைகளில் பறவைகள் குவிவதற்கும் இதுவே காரணம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிலத்திலிருந்து கிளம்பும் பறவை நல்ல உயரம் ஏறிக்கொண்டு கிளம்பும். கடலைக் கடந்து வரும் பறவை அந்த உயரத்தை வழியில் செலவழித்துவிட்டுத் தாழ்வாக வந்து சேரும். வடக்கு நோக்கிய பயணத்தில் நம் பக்கம் வந்து சேரும் கரையாகிவிடுவதால், இங்கே பறவைகளைக் கண்மட்டத்திலேயே பார்க்கலாம். சில நேரம் குன்றுக்குக் கீழே, அலைகளுக்குச் சற்று மேலே இறக்கை அடித்துக்கொண்டு வரும். அப்போது நாம் அதன் முதுகைப் பார்க்கிறோம். கரையைத் தொட்டதும் காட்டுக்கு மேலே எழும் வெப்பக்காற்று சிக்கும், ஒரு சுற்று சுற்றும், சிறகு விறைத்து நிற்கும், இறக்கை அடிப்பது நின்றுவிடும். கடலில் அடித்து அடித்து வந்த பறவை அந்த முதல் சுற்றில் ஆசுவாசப்படுவதைப் பார்க்க எத்தனை முறை ஏறிப்போனாலும் எனக்கு அலுக்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலையில் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. அக்கரையில் நிலம் சூடேறி, அவை உயரம் ஏறி, கடலைக் கடந்து வந்தாக வேண்டும். அதனால் காலை 10 மணிக்கு முன்னால் பெரிதாக எதுவும் வராது. 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரைதான் முக்கியமான நேரம். நான் 9 மணிக்கே மேலே இருப்பேன். அந்த ஒரு மணி நேரம் உள்ளூர்ப் பறவைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதற்கு. முனையிலேயே குடியிருக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகு எத்தனை, செம்பருந்து எத்தனை, கொண்டைப் பாம்புக் கழுகு எந்த மரத்துப் பக்கம் எழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு கூட்டம் வரும்போது அவற்றைச் சேர்த்து எண்ணாமல் தவிர்த்துவிடலாம். நாள் முழுக்க நம் தலைக்கு மேலேயே சுற்றும் ஒரே செம்பருந்தைப் பலமுறை எண்ணிவிட வாய்ப்பு நிறைய.

சூரியனையும் மறக்கக் கூடாது. பறவைகள் தென்மேற்கிலிருந்து வருகின்றன. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம், அதனால் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். மலேசிய நேரக் கணக்கில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.20 மணிக்கு. மார்ச் மாதம் அது நேராகத் தலைக்கு மேலேயே நிற்கும். பறவைகள் வட்டமிடுவதும் அங்கேதான். பைனாகுலரோடு ஒரு பறவையைப் பின்தொடர்ந்துகொண்டே போய்ச் சூரியனில் கண்ணை மாட்டிக்கொண்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த நேரத்தில் சூரியனைக் கையால் மறைத்து, வெறுங்கண்ணால் பறவை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அது சூரியனை விட்டு விலகிய பிறகே பைனாகுலரை எடுக்க வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மேலே ஏறுவதற்கு முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள். 2 மணிக்குப் பிறகு சூரியன் மேற்கே சாய்ந்துவிடும், வருவதெல்லாம் கருநிழல்தான். நிறத்தை நம்பியவர் அப்போது திண்டாடுவார்.

நிறத்தை நம்பாமலிருப்பது எப்போதுமே நல்லது. இங்கே வரும் கூட்டத்தில் பெரும்பங்கு தேன் பருந்து. குளவிக்கூடு, தேன்கூடு இவற்றைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும் பறவை. கொட்டு வாங்காமல் இருக்க முகத்தில் செதில் போன்ற கெட்டியான சிற்றிறகுகள் உண்டு. இதன் நிறம் பறவைக்குப் பறவை மாறும். ஒன்று கரும்பழுப்பு, ஒன்று செம்பழுப்பு, ஒன்றின் அடிப்பகுதி ஏறக்குறைய வெள்ளை, ஒன்றில் மார்பெல்லாம் வரி. புதிதாக வருகிறவர் ஒரே கூட்டத்தில் ஐந்து வகைப் பறவை இருப்பதாக நினைத்துக்கொள்வார். வடிவத்தைப் பாருங்கள். அகன்ற இறக்கை, நீளமான வால், அதற்குப் பொருந்தாத சின்னத் தலை, கொஞ்சம் நீண்ட கழுத்து. முன்னால் புறாவின் தலை நீட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால் அது தேன் பருந்து. வட்டமிடும்போது இறக்கையைத் தட்டையாக வைத்திருக்கும். பாம்புக் கழுகும் கடற்கழுகும் இறக்கையை மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும். பாம்புக் கழுகுக்கு இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி ஓடும் வெள்ளைப் பட்டை இன்னொரு அடையாளம். ஜப்பானிய வைரி, சீன வைரி இரண்டும் சிறியவை. நாலைந்து முறை வேகமாக அடித்து ஒரு சறுக்கு, மறுபடி அடித்து ஒரு சறுக்கு என்று போகும். கருப்பு பாஸா என்ற சிறு பருந்து கூட்டமாகச் சேர்ந்து வரும், தூரத்தில் காக்கைக் கூட்டம் என்று தோன்றும். ஆண் தேன் பருந்தா பெண்ணா என்பது பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஆணுக்குச் சாம்பல் முகம், கறுத்த விழி, வால் நுனியில் அகலமான கறுப்புப் பட்டை. பெண்ணுக்கு மஞ்சள் விழி.

சரி, எண்ணும் முறைக்கு வருவோம்.

பெரிய பிரச்சினையே வட்டமிடும் கூட்டம்தான். ஒரு வெப்பக்காற்றில் நூறு நூற்றைம்பது பறவைகள் ஏறிக்கொண்டிருக்கும், சூறைக்காற்றில் சுழலும் சருகுகளைப் போல. ஒன்று மேலே போகும், ஒன்று பின்னால் மறையும், இரண்டு குறுக்கே வெட்டும். அந்த நிலையில் எண்ணவே கூடாது. எண்ணினால் பார்த்ததையே திரும்பத் திரும்ப எண்ணுவோம், இல்லையென்றால் பாதியை விட்டுவிடுவோம். காத்திருக்க வேண்டும். உச்சிக்குப் போன பறவைகள் ஒவ்வொன்றாகச் சுற்றுவதை நிறுத்தி, இறக்கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, நாட்டின் உட்பக்கம் நோக்கிச் சறுக்கத் தொடங்கும். அப்போது கூட்டம் நீண்ட வரிசையாகிவிடும். வரிசைக்கு முன்னால் ஒரு மேக விளிம்பையோ ஒரு மரத்தின் நேர் மேலேயோ மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலரை அந்தக் கோட்டில் நிறுத்தி, அதைத் தாண்டுகிற பறவையை மட்டும் எண்ண வேண்டும். பறவையின் பின்னால் பைனாகுலரை ஓட்டாதீர்கள். திரும்பி வந்து கோட்டை எதிர்ப்பக்கம் கடந்த பறவையைக் கழித்துவிட வேண்டும்.

இதற்குக் கையில் ஒரு கவுண்ட்டர் வைத்துக்கொள்வது நல்லது. விரலால் அழுத்தினால் ஒன்று கூடும். கண்ணை எடுக்க வேண்டியதில்லை. தேன் பருந்துக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொன்று என்று இரு கையிலும் வைத்திருப்பவர்களும் உண்டு. வரிசை அடர்த்தியாகிவிட்டால் ஒன்று ஒன்றாக அழுத்த முடியாது. முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவில் பத்துப் பத்தாக அளக்கலாம். நடுவில் இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் மறுபடி ஒரு பத்தை ஒன்று ஒன்றாக எண்ணி அளவைச் சரிபார்க்க வேண்டும். பெரிய கூட்டத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடும்போது அநேகமாகக் குறைத்தே சொல்வோம். கையில் கேமரா இருந்தால் வரிசையைத் துண்டு துண்டாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மாலையில் படத்திலுள்ளதை எண்ணி நம் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்கப் பார்க்கக் கண் பழகிவிடும்.

துளி மேகமில்லாத நீலவானம் பார்க்க அழகு, எண்ணுவதற்குக் கொடுமை. கண்ணுக்குப் பிடிமானமே இருக்காது. ஐந்நூறு மீட்டர் உயரத்தில் போகும் பறவை நீலத்தில் கரைந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பைனாகுலரைத் தொடுவானத்தையோ தூரத்துக் கப்பலையோ பார்த்துக் கூர்மைப்படுத்திவிட்டு, அந்த நிலையை மாற்றாமல் வானத்தை மெதுவாகத் துழாவ வேண்டும். பைனாகுலர் பக்கத்துப் பொருளுக்குக் கூர்மைப்படுத்தப்பட்டிருந்தால் தூரத்துக் கூட்டம் அதன் வழியே போனாலும் தெரியாது. தலைகீழாகவும் நடக்கும். தூரத்துக்குக் கூர்மைப்படுத்திய பைனாகுலரில் பக்கத்தில் பறக்கும் தும்பி ஒரு மங்கலான கழுகாகத் தெரியும். 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள பைனாகுலரே இந்த வேலைக்குப் போதும். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். ஸ்டாண்டில் வைக்கும் தொலைநோக்கி கடல்மேல் வருவதை முன்கூட்டியே பிடிக்கவும், சந்தேகப் பறவையை உறுதிப்படுத்தவும் மட்டுமே.

எண்ணுவதைவிட எழுதுவதைத்தான் நான் முக்கியம் என்பேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாளில் ஒரு வரி. மணி தொடங்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகம், வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், கடலில் எவ்வளவு தூரம் தெரிகிறது, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு இனவாரியாக எண்ணிக்கை. ஒன்றுமே வராத மணிக்கு ‘0’ என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பறவை வரவில்லையா, நாம் பார்க்கவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் 60 பறவைகள் என்பதும் ஆறு மணி நேரத்தில் 60 பறவைகள் என்பதும் ஒன்றல்ல. ‘இன்று 60 பார்த்தோம்’ என்று மட்டும் எழுதினால் அந்த 60-ஐ வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அதேபோல அடையாளம் தெரியாதது. தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். எங்கள் குழுவில் தாள் எழுதும் ஓர் அக்கா இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். மேகத்தை ஒட்டி ஒரு புள்ளி போனது. புதிதாக வந்த பையன், “தேன் பருந்துதான்க்கா, இன்னைக்கு வர்றதெல்லாம் அதுதானே” என்றான். “தலையைப் பார்த்தியா தம்பி?” “இல்ல.” “வால்?” “இல்ல.” “அப்ப தெரியாததுல போட்டுக்கிறேன்” என்று எழுதிவிட்டார். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அக்கா செய்ததுதான் சரி. தெரியாததையெல்லாம் தேன் பருந்தில் போட்டால், என்றைக்காவது தேன் பருந்து உண்மையாகவே குறையும்போது அந்தக் குறைவு தாளில் தெரியாமலே போய்விடும்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஹாக் மவுண்டனைக் காட்டுவேன். பருந்துகளைச் சுட்டுத்தள்ளும் இடமாக இருந்த அந்த மலையை 1934-ல் ரோசாலி எட்ஜ் என்ற பெண்மணி குத்தகைக்கு எடுத்துச் சரணாலயம் ஆக்கினார். காவலுக்கு வந்த மோரிஸ் பிரவுன் அந்த ஆண்டிலேயே எண்ணத் தொடங்கினார். அது இலையுதிர் காலக் கணக்கு. பிரவுன் வெண்தலைக் கழுகுகளை மொத்தமாக மட்டும் எண்ணாமல், இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று பிரித்து எழுதினார். 1935–39-ல் கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955–59-ல் அது 20 சதவீதமாகிவிட்டது. பெரிய கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சு வருவது மட்டும் குறைந்துவிட்டது. டி.டி.டி. பூச்சிமருந்து உணவுச் சங்கிலி வழியாகக் கழுகுகளின் உடலில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து உடைந்துகொண்டிருந்தது. அந்த மருந்தின் கேட்டை 1962-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சன் இந்த மலைக் கணக்கையும் சான்றாகக் காட்டினார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. இருபது வருடம் ஒருவர் மலைமேல் உட்கார்ந்து, ஒரே மாதிரி எழுதியதால் வெளியே வந்த உண்மை அது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் இன்னும் நெடுநாள் யாருக்கும் தெரிந்திருக்காது.

வசந்தக் கணக்குக்கென்று தனியாக ஒரு மதிப்பு உண்டு. இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் கூட்டத்தில் அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் நிறைய இருக்கும். அவற்றில் பல குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. தாண்டினாலும் முதல் வருடம் தெற்கிலேயே தங்கிவிடுபவையும் உண்டு. வசந்தத்தில் வடக்கே திரும்புவது பெரும்பாலும் கூடு கட்டப்போகும் முதிர்ந்த பறவைகள். எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஆனால் அடுத்த தலைமுறை இவற்றின் கையில். ஒரு முதிர்ந்த பறவை வழியில் செத்தால் இழப்பு பெரிது. இத்தாலியின் மெசினா நீரிணையில் வசந்தத்தில் வரும் தேன் பருந்துகளைச் சுடும் வழக்கத்தை எதிர்த்து 1980-களிலிருந்து போராடிய அன்னா ஜோர்தானோ, 1998-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது பெற்றார். அவரும் தோழர்களும் ஒவ்வொரு வசந்தமும் மேட்டில் நின்று பறவையையும் எண்ணினார்கள், துப்பாக்கிச் சத்தத்தையும் கவனித்தார்கள்.

உலகின் மிகப்பெரிய வசந்தக் கணக்குகளில் ஒன்று இஸ்ரேலின் ஏலாத். அங்கே 1985 வசந்தத்தில் தேன் பருந்து மட்டும் 8 லட்சத்துக்கு மேல். அது ஐரோப்பிய இனம், நம்முடையது ஆசிய இனம். ஏலாத் கணக்கில் எனக்குப் பிடித்தது முறை வைத்து வரும் ஒழுங்கு. புல்வெளிக் கழுகுகள் பிப்ரவரி, மார்ச்சில். புல்வெளிப் பருந்துகள் மார்ச் கடைசி, ஏப்ரலில். தேன் பருந்து மே மாதத்தில். ஒரு இடத்தின் நாட்காட்டி தெரிந்துவிட்டால் எந்த வாரம் எதைத் தேடுவது என்பது தெளிவாகிவிடும். தஞ்சோங் துவானில் மார்ச் முதல் பாதி உச்சம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-லிருந்து நடத்திவரும் இரைகொல்லிப் பறவைத் திருவிழாவும் அதையொட்டித்தான் வரும்.

இங்கே நம் தலைக்கு மேல் போகும் தேன் பருந்து எங்கே போகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவர் குழுவும் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் கூடு கட்டும் பறவைகள் இலையுதிர் காலத்தில் கிழக்குச் சீனக் கடலை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஒரே மூச்சில் கடந்து, சீனா, மலாய்த் தீபகற்பம் வழியாக இந்தோனேசியா வரை வருகின்றன. வசந்தத்தில் அந்தக் கடலைக் கடப்பதில்லை. நிலத்திலேயே வடக்கே போய், கொரியா வழியாகச் சுற்றி ஜப்பானுக்குள் நுழைகின்றன. முனையில் முதல் வெப்பக்காற்றைப் பிடித்துச் சுற்றும் பறவைக்கு இன்னும் அவ்வளவு தூரம் பாக்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு அனுபவம். கரைக்கு வந்து மரத்தில் அமர்ந்திருக்கும் பறவையைப் படமெடுக்க நெருங்கிப் போய்க் கிளப்பிவிடாதீர்கள் என்று நான் வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்பதும் அதனால்தான். மழை வந்தால் அவை காட்டுக்குள் இறங்கிவிடும். அப்போது அந்தச் சிறு காட்டை விட்டால் அவற்றுக்கு வேறு புகலிடம் பக்கத்தில் இல்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழுத்துதான் முதலில் போகும். சாய்ந்து உட்காரும் மடக்கு நாற்காலி கட்டாயம். பைனாகுலர் வழியே இடைவிடாமல் பார்த்தால் அரை மணி நேரத்தில் கண் மழுங்கிவிடும். பறவை இருந்தும் தெரியாது. அதனால் முறை வைத்துப் பார்க்கிறோம். ஒருவர் கடலைத் துழாவுவார், ஒருவர் தலைக்கு மேலே, ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். எழுதுபவர் மேலே பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. பறவை வரும் நேரத்தில் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான், ஆனால் அவரும் நிமிர்ந்துவிட்டால் அந்த நிமிடம் சொன்ன எண்கள் காற்றோடு போகும். எண்ணுபவர் இனத்தையும் எண்ணையும் உரக்கச் சொல்வார், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். இரண்டு பேர் இரண்டு எண் சொன்னால் சராசரி எடுக்க மாட்டோம். கோட்டில் பைனாகுலரை நிறுத்தி எண்ணியவர் யாரோ அவர் சொன்னதுதான் தாளில் ஏறும். மாலையில் குன்றை விட்டு இறங்குமுன், எல்லோரும் இருக்கும்போதே, மணிவாரிக் கணக்கைக் கூட்டிச் சரிபார்த்துவிடுவோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ‘7’ என்று எழுதியது ‘1’ ஆகத் தெரியும்போது கேட்க ஆள் இருக்காது.

முதல் முறை வருகிறவர்கள் எண்ணும் வேலையைக் கேட்டு வாங்க வேண்டாம். ஒரு நாள் எழுதுபவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மணியில் காற்று திரும்பியதும் எண் எப்படி மாறுகிறது, எந்தப் பறவை எவ்வளவு நேரம் சந்தேகத்திலேயே இருந்து கடைசியில் தெரியாததில் போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அடுத்த முறை வரும்போது கவுண்ட்டரைக் கையில் தருகிறோம்.